சார்ந்ததன் வண்ணம்

ஓர் ஊரின் கோடித்தெருவிலே கடிநாய் என்று பெயர்பெற்ற நாயொன்று உளதென்று கொள்க. கண்டவர் அதன்மேற் கல்லெடுப்பர். அதுவும் கல்லெடுப்பாரைக் கண்டவளவிற் பல்லைக் காட்டும். அவ்வூரிலேயே, தாயை இழந்து, தந்தை பிழைப்பின்பொருட்டு அயலூரில் உறைய, முதிய பாட்டியின் நிழலில் வளரும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனும் உளன். உடன் விளையாடுவார் அவனுக்கு இல்லை. பாட்டி இட்ட சோற்றிற் பாதியை அவன் அந்நாய்க்கு இடுவான். அஃது அவன் காலடியிற் கிடந்து உறங்கும். ஒருநாள் அயலார் ஒருவர் ஏதோ குற்றங் கூறிச் சிறுவனை அதட்டிக் கைப்பற்றி இழுக்க, நாய் பாய்ந்து அவர் காலைக் கவ்விற்று. ஊரார் தடிகளோடு கூடினர். 'அது கெட்ட நாய் அன்று' என்று சிறுவன் அழுதான். ஏழை சொல்லே அம்பலம் ஏறாதெனின், குழந்தை சொல் ஏறுமோ?

எவ்வூரினும் நிகழத்தக்க இச்சிறு வழக்கிலே ஆராயற்பாலன இரண்டு உள. நாயின் கொடுமை அதற்கு இயல்போ, வந்தேறியோ என்பது ஒன்று. ஊராரும் சிறுவனும் மாறுபடக் கூறுமிடத்து எவர் கண்டது மெய்க்காட்சி என்பது மற்றொன்று.

ஆன்மாச் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சைவசித்தாந்தத் துணிபு. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறமாகக் காட்டும். அந்நிறம் படிகத்தினது அன்று. மானுட உடம்பில் நின்ற ஆன்மாவும் நாயுடம்பில் நின்ற ஆன்மாவும் ஆன்மாவாந் தன்மையில் வேறல்ல. வேறுபாடு வினைக்கீடாக வந்த தனு கரணங்களின் வழியது. அற்றாகலின் நாயும் தான் சார்ந்ததன் வண்ணமாதல் ஒருதலை. நாயின் நடையை நெடிது ஆராய்ந்தோர் கூறுவதும் இதனோடு மாறுபடாது. குட்டி பிறந்த 3-ஆம் வாரந்தொடங்கி ஏறக்குறைய 12-ஆம் வாரம்வரை மனிதரின் நல்ல கையை அறியாது வளருமாயின், பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சும் இயல்பினதாய்விடும் என்பர். செவியைப் பின்னே மடக்கி, வாலைக் காலிடை ஒடுக்கி, உதட்டை உயர்த்தி உறுமும் நாய் பெரும்பாலும் அஞ்சிய நாயே. 'அணுகாது விலகிச் செல்க' என்பதே அவ்வுறுமலின் பொருள். அதனை உணரமாட்டாத மாந்தர் மேலும் நெருங்குவர். பின்னரே அது கடிக்கும். கல்லைச் சார்ந்து கல்லின் வண்ணமாயிற்று அந்நாய். சோற்றுக் கையைச் சார்ந்தவிடத்து அதுவே குழந்தையின் காவலாயிற்று.

சோற்றின்பொருட்டு வாலாட்டுவதை அன்பென்னலாமோ எனின், தாயினிடத்துக் குழவிக்கு உண்டாகும் அன்பும் பாலிலேதான் தொடங்குகின்றது என்க. தொடக்கம் பசியாயினமைபற்றி முடிவையும் பசியென்று தள்ளுதல் பொருந்தாது. இனி, நாயின்பாற் சிறுவன் வைத்தது பாசம் அன்றோ எனின், 'எனது' என்பது பற்றி எழுவதே தளையாகும். அந்நாய் அவனது உடைமை அன்று. தன் வயிற்றுக்கு வந்ததிற் பாதியைப் பிறிதோருயிர்க்குப் பகுத்த கை, பற்றியதோ விடுத்ததோ என்று அன்பர்களே ஓர்ந்துகொள்க.

தன்பின் வந்த நாயை நீத்துத் துறக்கம் புகேன் என்ற தருமபுத்திரன் கதையை ஈண்டு எடுத்துக்காட்டுவார் உளர். அந்நாய் அறக்கடவுளே ஆதலின் அக்கதை இவ்வழக்கிற்குப் பெரிதும் உதவாது. இவ்வழக்கிலுள்ளது வெறும் நாய். இறுதியில் தேவவடிவு காட்டி எவரையும் நாணுவிக்கப் போவதில்லை.

காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளுள் ஊரார் கொண்டது கருதல். பல்லைக் காட்டிற்று, ஆதலிற் கொடியது என்பது அவர் துணிபு. பல்லைக் காட்டுதல் கொடுமைக்கேயன்றி அச்சத்திற்கும் உரித்தாகலின் அஃது ஏதுப்போலி. ஏதுப்போலியால் உயிர் போன கதைகள் பல. பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்து, வாயிற் குருதியோடு எதிர்வந்த கீரியை, அக்குருதி குழந்தையினது என்று பிறழ உணர்ந்து கொன்ற கதை பஞ்சதந்திரத்துள் உளது. அவ்வாறு கீரி இறந்துபடக் கணவனால் நீக்கப்பட்ட பார்ப்பனி ஒருத்திக்குக் கோவலன் தானஞ்செய்து பழிதீர்த்தமை சிலப்பதிகாரத்து அடைக்கலக்காதையிலே கூறப்படும். பிராஞ்சு தேசத்து இலியோன் நகரை அடுத்த நாட்டிலே, அக்கீரி வேட்டைநாயாய் வழங்கிற்று. கினெபோர் என்பது நாயின் பெயர். தலைவன் அதனை வாளால் எறிந்து, உண்மை தெளிந்தபின் கிணற்றிலிட்டுக் கல்லடுக்கி மரம் வைத்தான் என்பது அந்நாட்டார் கூற்று. குடியானவர் தம் நோயுற்ற குழந்தைகளை அவ்விடத்துக் கொணர்ந்து வழிபட்டனர். 13-ஆம் நூற்றாண்டில் எத்தியேன் தெ பூர்போன் என்னும் கிறித்துவத் துறவி அதனைக் கேட்டறிந்து, நாயின் என்பைத் தோண்டி எரிப்பித்து, மரங்களையும் வெட்டுவித்தார். ஒரு குற்றமும் செய்யாத நாய்க்கு இருமுறை தண்டனை! இக்கதைகளுள் எல்லாம் உண்மையை அறிந்த சான்று ஒன்றே. அது தொட்டிலிற் கிடக்கும் குழவி. அதற்கு வாய் இல்லை. நம் சிறுவனுக்கோ வாய் உண்டு. கேட்பார்க்குச் செவி இல்லை.

காளத்தி மலையிலும் காட்சி பிழைத்தது. திருமுன்பு ஊனும் என்பும் கிடத்தலைக் கண்ட சிவகோசரியார் நடுங்கினார். அவற்றை இட்டார் தகாதது செய்தார் என்று துணிந்தார். இட்டவரோ, கொடுவிலங்கு திரியும் மலையிலே குடுமித்தேவர் துணையின்றித் தனித்திருத்தலைப் பொறாது, இரவெல்லாம் வில்லேந்தி விழித்து நின்றவர். தனித்திருப்பாரை விட்டு நீங்கமாட்டாமையே அவர் பூசைக்கு முதலாயிற்று. சிறுவனும் நாயும் ஒன்றையொன்று பற்றியதும் அவ்வழியே. திண்ணனாரோடு இவரை ஒப்பிட்டதாகக் கொள்ளற்க. எடுத்துக்கொண்டது காண்பார் பிழைத்த வகை ஒன்றே. பெருமான் முனிவர்க்குக் கனவில் உரைத்தருளியதோடு அமையாது, மறைந்திருந்து காணுமாறும் பணித்தருளினார். உரையைக் காட்சியால் தெளிவித்த அருட்டிறம் அது.

அங்ஙனமாயின் சிறுவன் உரையையே முடிந்த முடிபாகக் கொள்ளலாமோ? கொள்ளலாகாது. அவன் பொய் கூறான். ஆயினும் அறியாதன உள. வெறிநோய் கொண்ட நாய், நேற்றுவரை அன்புடையதாயினும், தன்னைப் போற்றினாரையே கடிக்கும். அந்நோய் குறிகாட்டிய பின்னர் உய்ந்த மாந்தர் மிக மிக அரியர். 1885-ஆம் ஆண்டிற் பாஸ்தர் என்னும் பேரறிஞர் தம் மருந்தை முதலில் ஏற்றிக் காத்ததும் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனையே. ஆகலின் கடியுண்டவர் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடுநீரிற் கால்மணி நேரம் கழுவி, தாழாது மருத்துவரை அடைந்து ஊசிமருந்து பெறல் வேண்டும். நாயின் நிலை தெளியட்டும் என்று அதற்குக் காத்திருத்தல் தவறு. நாயைக் கொல்லாது 10 நாள் கட்டிவைத்து நோக்குதல் மருத்துவர் வகுத்த முறை. கடித்த அன்று அதன் வாயூறலில் நோய் இருந்ததாயின், அந்நாட்களுள்ளே நோய்க்குறி தோன்றி அஃது இறந்துபடும். இறவாதாயின் அன்று கடித்தது வெறியால் அன்று என்பது தெளிவாம். தடியின் தீர்ப்பு இமைப்பொழுதில் முடியும். பத்துநாட் பார்த்திருத்தலே ஊரார்க்கு அரிது.

கொல்லையிற் புளியமரத்தடியில் நாயைக் கட்டுக. கயிறு எட்டாத தொலைவிலே பாட்டி ஒரு கோடு கிழிப்பாளாக. சிறுவன் மாலைதோறும் அக்கோட்டின் இப்பாலிருந்து சோற்றுருண்டையை உருட்டுவான். நாயோடு ஏதேனும் பேசியும் இருப்பான். தடியெடுத்து வந்தோர் திண்ணையில் அமர்ந்து அதனைக் காண்க.