நோன்பும் நோயும்

கடல் கடந்து வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளை மனம் நலிந்து மருத்துவரிடம் சென்றால், அம்மருத்துவர் நம் அறத்தை அறிந்திருத்தல் வேண்டுமா? அறிந்திருந்தால் மட்டும் போதுமா? நம் உறவில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி சில ஆண்டுகளாக இவ்வினாவை நம் நெஞ்சில் இருத்தியுள்ளது.

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த 15 வயதுச் சிறுமி அவள். தசலட்சண பர்வத்தின் 10 நாள்களும் ஒருவேளை மட்டும் உண்டு நோன்பு காத்தாள். தொலைபேசியில் செய்தி கேட்ட நாம் மகிழ்ந்து பாராட்டினோம். அயல் மண்ணிலும் அறம் தழைக்கிறதே என்று பெருமிதமும் கொண்டோம். பர்வம் முடிந்த பின்னரும் அவள் பகலுணவைத் தொடவில்லை. உடல் மெலிந்தது. பள்ளியில் அவளைக் கண்ட உளநல ஆலோசகர், உங்கள் சமயமே இப்பிள்ளையின் நோய்க்குக் காரணம் என்னும் பொருள்படப் பேசிவிட்டார். தாயார் சினந்து, இஃது எங்கள் தருமம் என்று விடையிறுத்து மகளை அழைத்து வந்துவிட்டார். அதன்பின் நான்கு திங்கள் வீணே கழிந்தன.

ஒருவர் நோன்பை நோய் என்றார். மற்றவர் நோயை நோன்பு என்றார். அநேகாந்தத்தை நாள்தோறும் பேசும் நாமும் அன்று தாயின் பக்கமே நின்றோம். அதனை மறைப்பதற்கில்லை.

புலம்பெயர்ந்தோரின் மனத்துயரை அவர்தம் பண்பாட்டோடு சேர்த்துக் காண வேண்டும் என்னும் கருத்து மேலைநாட்டு மருத்துவத்திலேயே வளர்ந்து வந்துள்ளது. இலண்டனில் ஜாஃபர் கரீம் என்பார் 1983-ஆம் ஆண்டில் நஃப்சியாத் என்னும் நிலையத்தை இதற்கெனவே நிறுவினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டில் 16 வினாக்கள் கொண்ட நேர்காணல் முறை ஒன்று இடம்பெற்றது. உங்கள் துன்பத்தை நீங்கள் எவ்வாறு விளக்குவீர்கள், அதற்குக் காரணம் எதுவெனக் கருதுகிறீர்கள், உங்கள் சுற்றத்தார் என்ன எண்ணுகின்றனர் என்று நோயாளியையே கேட்கும் முறை அது. மாணாக்கனின் வீட்டை அறியாமல் அவனை மதிப்பிடாதே என்று ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்ததும் ஏறத்தாழ இதுவே. கற்றவருள் எத்தனை பேர் கடைப்பிடித்தோம் என்பது வேறு செய்தி.

சிறுமியைப் பின்னர்க் கண்ட பெண் மருத்துவர் இவ்வழியில் பயின்றவர். நம் நாட்டவர் அல்லர். உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர், வேறு யார் இதனைக் காப்பார்கள், யார் முன்னிலையில் ஏற்பார்கள் என்று பொறுமையாகக் கேட்டிருக்கிறார். சிறுமியும் ஆர்வத்தோடு விடை கூறியிருக்கிறாள். உன் நோன்பு என்று முடியும் என்று கேட்டபோது மட்டும் அவள் வாய் திறக்கவில்லையாம்.

நம் நோன்பிற்கு எல்லை உண்டு; பாரணை உண்டு. விரும்பி, அறிந்து, பெரியோர் முன் ஏற்பது அது. தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் 16 பாவனைகளுள், ஆற்றலுக்கு ஏற்ற தவமும் ஒன்றாகும். முடிவே இன்றித் தன் உடலை வெறுத்துப் பட்டினி கிடப்பதற்கு அங்கே இடமில்லை. அம்மருத்துவர் சூத்திரத்தைப் பயின்றவர் அல்லர், கேட்கத் தெரிந்தவர். தருமம் என்னும் சொல்லைக் கேட்ட அளவில், பிறர் சமயத்தில் தலையிடலாகாது என்று அவர் மரியாதையோடு விலகியிருந்தால், முன்னவரைவிடப் பெருந்தீங்கு இழைத்தவராகியிருப்பார். அந்த மரியாதையைத்தான் நாம் அவரிடம் எதிர்பார்த்தோம்!

நோன்பு முறைகளை எழுதி அனுப்புமாறு அவர் கேட்டாராம். இரண்டு பக்கங்களில் எழுதி அனுப்பினோம். சிறுமிக்குத் தமிழ் படிக்க வராது. தாயார் படித்துக் காட்ட, அவளே மருத்துவரிடம் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தாள்.

உடல் தேறிவந்த நிலையில் அடுத்த ஆண்டுப் பர்வம் நெருங்கியது. இவ்வாண்டும் நோன்பு ஏற்கட்டுமா என்று சிறுமி தொலைபேசியில் நம்மையே கேட்டாள். வேண்டா அம்மா, பூசையில் கலந்துகொண்டால் போதும் என்றோம். அவளுக்கு அது வருத்தமே. முந்திய ஆண்டு பாராட்டிய நமக்கும் அதனைக் கூறுவது எளிதாக இல்லை.