பெயர் மாறிப் போன புத்தர்

கதையும் பாட்டும் எல்லை தாண்டிப் போனால் மக்களும் நெருங்கிவிடுவார்கள் என்று எளிதாக நம்பிவிடுகிறோம். சமய நல்லிணக்க மேடைகளில் இந்த நம்பிக்கை இன்னும் பலமாக ஒலிக்கும். ஒருவர் நூலை மற்றவர் படித்தால் போதும், பகை தானே கரைந்துவிடும் என்பார்கள். இதைச் சோதித்துப் பார்க்க வரலாற்றில் ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. புத்தரின் வாழ்க்கைக் கதை மொழி மொழியாக, மதம் மதமாக மாறிச் சென்று, கடைசியில் அவரைக் கிறிஸ்தவத் திருச்சபையின் புனிதராகவே ஆக்கியது. இதைவிடப் பெரிய பண்பாட்டுப் பகிர்வைச் சொல்வது கடினம். அது யாரை யாரோடு இணைத்தது என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

நடு ஆசியாவில் மானி சமயத்தார் கையில் இருந்த கதை, பாரசீகம் வழியாக பாக்தாத்துக்கு வந்து அரபியில் பிலவ்ஹர், யூதாசஃப் என்ற இருவரின் கதையாயிற்று. அங்கிருந்து ஜார்ஜிய மொழிக்குப் போனபோது கிறிஸ்தவக் கதையாக மாறியது. அதோஸ் மலையில் வாழ்ந்த எவ்திமியோஸ் என்ற ஜார்ஜியத் துறவி அதைக் கிரேக்கத்தில் ஆக்கினார் என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் முடிவு. 1048-இல் லத்தீன் வடிவம் வந்தது. அதன்பின் ஐரோப்பாவில் இந்தக் கதை நுழையாத மொழி குறைவு. யூதர்களும் எபிரேயத்தில் எழுதிவைத்துக்கொண்டார்கள். கதை இதுதான்: அபெனெர் என்ற இந்திய அரசனுக்கு யோசபாத் என்று ஒரு மகன். அவன் கிறிஸ்தவனாகிவிடுவான் என்று சோதிடர் சொன்னதால், துன்பமே கண்ணில் படாதபடி அரண்மனைக்குள் அடைத்து வளர்க்கிறார்கள். வெளியே வந்தவன் தொழுநோயாளியையும் பார்வையற்றவரையும் முதியவரையும் பார்த்துக் கலங்குகிறான். பர்லாம் என்ற துறவி ரத்தின வணிகர் வேடத்தில் வந்து அவனுக்கு உபதேசம் செய்கிறார். ரோமன் கத்தோலிக்கப் புனிதர் பட்டியலில் இந்த இருவருக்கும் நவம்பர் 27 திருநாளாகக் குறிக்கப்பட்டது.

கதை மட்டுமா போனது? கதைக்குள் இருந்த சிந்தனையும் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது. இத்தாலியின் பார்மா நகரில் 1196-இல் கட்டத் தொடங்கிய ஞானஸ்நான மண்டபத்தின் தெற்கு வாசலுக்கு மேலே ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. மரத்தில் ஏறிய ஓர் இளைஞன் தேனில் மெய்மறந்திருக்கிறான். அடியில் இரண்டு விலங்குகள் வேரைக் கடித்துக்கொண்டிருக்கின்றன. கீழே நெருப்பு உமிழும் நாகம் காத்திருக்கிறது. பர்லாம் சொன்ன உவமை அது. மகாபாரதத்தின் ஸ்திரீ பருவத்தில், பிள்ளைகளை இழந்த திருதராஷ்டிரனுக்கு விதுரர் சொல்வதும் இதே உவமைதான். சமணர்களும் ‘தேன் துளி’ என்று சொல்லிவருகிறார்கள். வேரைக் கடிப்பவை இரவும் பகலும் என்பதை பார்மாவின் விசுவாசிக்கு விளக்கியபோது, அவர் மனத்தில் எழுந்த நடுக்கம் திருதராஷ்டிரனுக்கு எழுந்த நடுக்கம்தான். இதைச் சிறிய பேறு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் 16-ஆம் நூற்றாண்டின் போர்த்துகீசியரைப் பாருங்கள். 1560-இல் அவர்கள் யாழ்ப்பாணத்தைத் தாக்கியபோது, புத்தரின் பல் என்று போற்றப்பட்ட ஒரு சின்னம் அவர்கள் கையில் சிக்கியது. (உண்மையான பல் தங்களிடமே இருந்தது என்பது சிங்கள பௌத்தர்களின் மரபு.) பெகு நாட்டு அரசர் அதற்குப் பெரும்பொருள் தர முன்வந்தும், கோவாவின் பேராயர் மறுத்து, உரலில் இடித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் கொட்டச் செய்தார். 1571-இல் வெனிஸின் தலைவர் போர்த்துகல் அரசர் செபஸ்தியானுக்கு ஒரு விலைமதிப்பற்ற பரிசு அனுப்பினார். புனித யோசபாத்தின் எலும்பு! ஒரே அரசு, ஏறக்குறைய ஒரே பத்தாண்டு. புத்தரின் பல்லை இடித்தது, புத்தரின் எலும்பை முத்தமிட்டது. பல் அழிந்த கதையை எழுதிவைத்தவர் தியோகோ டோ கூட்டோ என்ற வரலாற்றாசிரியர். புத்தர் கதையும் யோசபாத் கதையும் ஒன்றுபோல் இருப்பதையும் அவரே கவனித்தார். ஆனால் இந்தியர்கள் தங்கள் யோசபாத்தையே புத்தர் என்று வணங்குகிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

இந்த வழக்கை வேறுவிதமாகப் படித்தவர்களும் உண்டு. வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித் என்ற சமய வரலாற்றறிஞர், மனித குலத்தின் சமய வரலாறு ஒன்றே என்பதற்கு இந்தக் கதையைச் சான்றாகக் கொண்டார். அந்தத் தேன் உவமை டால்ஸ்டாயை உலுக்கியது, டால்ஸ்டாய் காந்தியை உலுக்கினார், ஆகவே சங்கிலி அறுபடவில்லை என்பது அவர் வாதம். சங்கிலி உண்மைதான். ஆனால் அதன் ஒரு கண்ணிக்கு அடுத்த கண்ணி இருப்பதே தெரியாது என்றால், அதைப் பின்னாளில் தேடி எடுத்த ஆய்வாளருக்குத்தான் அது சங்கிலி. அன்று வாழ்ந்தவர்களுக்கு இல்லை. யார் சொன்னால் என்ன, மெய்ப்பொருளைக் காண்பதுதான் அறிவு என்று குறள் வழியில் மறுக்கலாம். ஒரு கருத்தின் உண்மையை எடைபோட அது சரியான அளவுகோல். ஆனால் இங்கே கேள்வி கருத்து உண்மையா என்பதல்ல, சமூகங்கள் நெருங்கினவா என்பது. அதற்குச் சொன்னவர் யார் என்பது தெரிந்தாக வேண்டும். இதைவிட வலுவான மறுப்பு ஒன்றும் உண்டு: புத்தர் என்று தெரிந்திருந்தால் ஐரோப்பா வாசலிலேயே தடுத்திருக்கும், பெயர் மறைந்ததால்தான் உள்ளே போக முடிந்தது. ஒப்புக்கொள்கிறேன். பர்லாமும் வேடத்தில்தான் போனார். ஆனால் உள்ளே போனபின் அவர் தான் யார் என்று யோசபாத்திடம் சொல்லிவிடுகிறார். புத்தருக்கு அந்த வாய்ப்பு வரவே இல்லை. ஐரோப்பிய அறிஞர்கள் இரண்டும் ஒரே கதை என்று நிறுவியதே 1859, 1860 ஆண்டுகளில்தான்.

அதன்பின் சில ஆண்டுகளில், இலங்கையில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. 1873-இல் பாணந்துறையில் பௌத்தத் துறவி மெகெட்டுவத்தே குணானந்த தேரரும் வெஸ்லியன் கிறிஸ்தவச் சபையின் டேவிட் டி சில்வாவும் பெருங்கூட்டத்தின் முன் வாதிட்டார்கள். அங்கே பகிர்வு இல்லை, சண்டைதான். ஆனால் இருவரும் எதிராளி யார் என்று தெரிந்து பேசினார்கள். மறுமொழி சொல்ல இருவருக்கும் இடம் இருந்தது. அதன் ஆங்கிலப் பதிவைப் படித்த ஹென்றி ஆல்காட் என்ற அமெரிக்கர் தம் நாட்டிலிருந்து கடிதம் எழுதி, 1880-இல் காலிக்கு நேரில் வந்து பஞ்சசீலம் ஏற்றார். பல நூற்றாண்டு யோசபாத் வணக்கம் செய்யாததை ஒரு வாதம் செய்தது. அதிலிருந்து வளர்ந்த பௌத்த மறுமலர்ச்சி பின்னாளில் இலங்கையில் இறுக்கத்தையும் வளர்த்தது என்று சொல்வோருக்கு என் பதில்: உண்மை, உறவு கெட்டும் போகும். ஆனால் கெட்டுப்போவதற்கும் முதலில் உறவு என்று ஒன்று வேண்டும். யோசபாத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பல்லுக்கும் நடுவே அதுவே இல்லை.

ஆல்காட்டை 1898-இல் சந்தித்து, கொழும்பு சென்று பௌத்தம் ஏற்றவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907 ஜூன் 19-இல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். புத்தர் இம்முறை சொந்தப் பெயரிலேயே வந்தார். அவர் வாழ்க்கையும் போதனையும் ஆதிவேதம் என்ற தலைப்பில் தமிழில் எழுதப்பட்டது. கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வேலைக்குப் போயிருந்த தமிழர்கள் அந்த இதழைப் படித்தார்கள். வாசகர் கேள்விக்கு இதழிலேயே பண்டிதர் விடை எழுதினார். அவர் 1914-இல் மறைந்தார். 1926-இல் ஜி. அப்பாதுரையார் கோலார் தங்கவயலில் அந்த இதழை மீண்டும் அச்சிடத் தொடங்கினார்.