இளையது வரும் வீடு

(கந்த சஷ்டி ஐந்தாம் நாள் மாலை, சிவாலய மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்குச் சூரபத்மனின் படைத்திரட்டைச் சொல்வதாக இருந்தேன். அவன் எப்படியும் நாளைக்குத்தான் விழப்போகிறான், ஒரு நாள் காத்திருக்கட்டும். நேற்றுப் பேச்சு முடிந்து திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, வயிற்றில் இன்னொன்று. "ஐயா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?" என்றாள். கேளம்மா என்றேன். "எங்கிட்ட இருந்த பிரியம் அவ்வளவும் இவளுக்கே செலவாயிடுச்சு. வரப்போறதுக்குக் குடுக்க மிச்சம் இருக்குமான்னு பயமா இருக்கு."

பக்கத்தில் நின்ற மாமியார், "கோயில்ல வந்து என்ன பேச்சு இது" என்று அதட்டினார். அதட்ட வேண்டாம். நான் கேட்ட கேள்விகளில் மிக நேர்மையானது இது. அதற்கு இன்று பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

தலைப்பிள்ளை வரும்போது இந்தக் கேள்வி எழுவதே இல்லை, கவனித்தீர்களா? அப்போது வீடே ஒரு திருவிழா. வளைகாப்பு, ஐந்து வகைச் சாதம், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு, பேர் வைக்க ஆளுக்கொரு யோசனை. அடுத்ததுக்கு வளையல் அடுக்குவது பல குடும்பங்களில் வழக்கமே இல்லை. அதே தொட்டில், அதே பாலாடை, மூத்தது போட்டுக் கழித்த சட்டை. முதல் குழந்தை தும்மினால் டாக்டரிடம் ஓடியவர்கள், இரண்டாவது தும்மினால் "தும்மட்டும், சரியாப் போயிடும்" என்கிறோம். இதில் குறையொன்றும் இல்லை. பயம் தெளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் முதல் பிள்ளையோடு இன்னொன்றும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். அது எளிதில் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை பத்து மாதத்தில் நடந்தால், "நான் தினமும் எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிட்டேன்." ராத்திரி முழுக்கத் தூங்கினால், "நான் அப்படிப் பழக்கினேன்." சாமி ஸ்லோகம் சொன்னால், "வயிற்றில் இருக்கும்போதே நான் கேட்டேன்." நான், நான், நான். சித்தாந்தம் ஆணவம் என்று சொல்வது ஏதோ ராட்சசர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தாலாட்டுக்குள்ளும் இருக்கிறது.

பிறகு இளையது வருகிறது. அதே தாய்ப்பால், அதே ரசம் சாதம், அதே தாலாட்டு. இது ராத்திரி தூங்குவதில்லை. மூத்தது விரும்பிக் குடித்த கேழ்வரகுக் கூழை இது மூஞ்சியில் துப்புகிறது. மூத்தது பயந்த இடத்தில் இது ஏறிக் குதிக்கிறது. அம்மா திகைத்துப் போகிறாள். நான் செய்ததையேதான் செய்கிறேன், பிள்ளை மட்டும் ஏன் வேறாக இருக்கிறது? அந்தத் திகைப்பை நான் பிரசாதம் என்பேன். செய்தது நாம்தான் என்ற எண்ணம் அங்கேதான் முதன்முதலாக விரிசல் விடுகிறது.

சைவ சித்தாந்தத்தில் ஒரு துணிச்சலான கருத்து உண்டு. உயிரை இறைவன்கூடப் படைப்பதில்லை. பதியாகிய இறைவன் எப்படித் தொடக்கம் இல்லாதவனோ, பசுவாகிய உயிரும் அப்படித் தொடக்கம் இல்லாதது. இறைவன் அந்த உயிருக்கு உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் நுகர்வையும் கூட்டிவைக்கிறான்: தனு, கரணம், புவனம், போகம். அம்மையப்பனே "இந்த உயிர் நான் செய்தது" என்று சொல்லிக்கொள்ளவில்லை. நாம் மட்டும் ரேஷன் கார்டில் பேர் சேர்த்த மறுநாளே சொந்தம் கொண்டாடுகிறோம். வருகிற உயிர் தன் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறது. நாம் கொடுப்பது தங்க ஒரு வீடு. இரண்டு உயிர் ஒரே வீட்டில் தங்கினால் இரண்டும் ஒரே வழியில் போக வேண்டும் என்று சட்டமா?

இதற்குத் திருவாமூரைவிட நல்ல சாட்சி இல்லை. பண்ருட்டிப் பக்கம் இருக்கிற சிற்றூர். அங்கே புகழனார் என்று ஒரு வேளாளப் பெரியவர், அவர் மனைவி மாதினியார். முதலில் பிறந்தது பெண், திலகவதி. சில ஆண்டுகள் கழித்து ஒரு பையன், மருள்நீக்கி. இரண்டு பிள்ளைகள், நிறைந்த வீடு. பையனுக்கு முடி இறக்கி, கல்வி தொடங்கி, எல்லாம் சீராகச் செய்தார்கள் என்று பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். திலகவதியாருக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரைப் பேசி முடித்தார்கள். அவர் அரசன் ஆணைப்படி போருக்குப் போனார்.

அப்புறம் அடுக்கடுக்காக விழுகிறது. புகழனார் நோயில் இறந்தார். கணவர் போனபின் மாதினியாரும் உயிர் தரிக்கவில்லை. அந்தத் துக்கம் ஆறும் முன்பே போரில் கலிப்பகையார் மாண்ட செய்தி வருகிறது. "அவருக்கென்று பேசப்பட்டவள் நான், இந்த உயிரும் அவருக்கே உரியது" என்று திலகவதியார் உயிரை விடத் துணிந்தார். அப்போது தம்பி ஓடிவந்து காலில் விழுகிறான். அப்பா அம்மா போன பிறகும் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறேன், நீயும் போவதென்றால் உனக்கு முன்னால் நான் போய்விடுகிறேன் என்று அழுகிறான். திலகவதியார் நின்றுவிட்டார். தம்பி வாழ வேண்டும், அதற்காக நான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். "ஒண்ணுக்குத் துணையா இன்னொண்ணு வேணும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மூத்ததற்கு விளையாட ஆள் வேண்டும் என்பது போல அதைச் சொல்கிறோம். புகழனாரும் மாதினியாரும் அந்தப் பையனைப் பெற்றபோது என்ன நினைத்தார்களோ, நமக்குத் தெரியாது. ஆனால் தாங்கள் இல்லாத ஒரு நாளில், பெரிய பெண்ணை உயிரோடு பிடித்து நிறுத்தும் கை அந்தச் சின்னவனுடையது என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கவே முடியாது.

கதை இதோடு சுகமாக முடியவில்லை. எனக்குப் பெரிய புராணம் பிடிப்பதே இதனால்தான், அது சர்க்கரை தடவாது. அக்கா உயிர் வைத்திருந்தது எந்தத் தம்பிக்காகவோ, அந்தத் தம்பி அவரை விட்டுப் போய்விட்டான். நிலையாமையை எண்ணி அறச்சாலை வைத்தான், தண்ணீர்ப் பந்தல் வைத்தான், மனம் அடங்கவில்லை. சமணத்தில் சேர்ந்து, பெரும் அறிவாளியாகித் தருமசேனர் என்று பெயர் பெற்றான். அக்காவோ கெடிலக் கரையில் திருவதிகை வீரட்டானத்துக்குப் போனார். விடியும் முன்பே கோயிலைப் பெருக்குவது, சாணம் மெழுகுவது, பூப்பறித்து மாலை கட்டுவது என்று அங்கேயே தங்கிவிட்டார். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே சோறு. ஒருவர் கையில் துடைப்பம், இன்னொருவர் கையில் வேறு சமயத்தின் ஏடு. எந்த வளர்ப்பில் பிழை கண்டுபிடிப்பீர்கள்?

திலகவதியாரும் ஒரு தாயைப் போலத்தான் கலங்கினார். தம்பியை மீட்டுத் தா என்று சுவாமியிடம் பலமுறை முறையிட்டார். இறைவன் கனவில் வந்து சொன்ன பதிலைக் கேளுங்கள். கவலையை விடு, உன் தம்பி முன் பிறவியிலேயே முனிவனாக இருந்து என்னை அடையத் தவம் செய்தவன், சூலை நோய் கொடுத்து அவனை நான் ஆட்கொள்வேன் என்றான். அதாவது, "இவன் உன் வீட்டில் தொடங்கியவன் இல்லை, எனக்கும் இவனுக்கும் பழைய கணக்கு இருக்கிறது" என்கிறான்.

சூலை வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்த தருமசேனர் சமையல்காரனை அக்காவிடம் அனுப்பினார். அக்கா அந்தச் சமண மடத்துக்கு வர மறுத்துவிட்டார். வெறுத்தா மறுத்தார்? இல்லை. தம்பிதான் எழுந்து வரவேண்டும் என்று காத்திருந்தார். ராத்திரியோடு ராத்திரியாக வந்து அவர் காலில் விழுந்தபோது ஒரு கடிந்த சொல் இல்லை. "எத்தனை வருஷம் என்னைத் தவிக்க விட்டாய்" என்று நம் வீட்டில் கேட்டிருப்போம். திலகவதியார் திருநீற்றை ஐந்தெழுத்து ஓதிக் கொடுத்தார். அலகும் மெழுக்குமாகக் கோயிலுக்குக் கிளம்பும் வேளை, தம்பியையும் கூட்டிக்கொண்டே போனார். அங்கே பிறந்ததுதான் முதல் பதிகம். மருள்நீக்கி திருநாவுக்கரசரானார்.

ஆகவே அம்மா, பிரியம் தீர்ந்துபோகுமா என்ற கேள்விக்கு நான் சொல்வது இது. அது உன் சேமிப்பாக இருந்தால் தீரும். மூத்தவளிடம் நீ காட்டியதும் உன் வழியாக வந்த அருள்தான். வந்த வழி அடைபடவில்லை. சிலருக்குக் குழந்தை கையில் வந்த அன்றே பொங்கிவிடும், சிலருக்கு மாதங்கள் ஆகும். பிரசவித்த உடம்பு, தூக்கம் இல்லாத இரவுகள், சுரக்கிற பால், இதற்கு நடுவே பிரியம் உடனே வரவில்லையே என்று தன்னைத் தானே நொந்துகொள்ள வேண்டாம். பல வாரமாக அழுகை நிற்கவில்லை, மனம் இருட்டாகவே இருக்கிறது என்றால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அதையும் கோயில் மண்டபத்தில் சொல்லத்தான் வேண்டும். மந்திரிச்சுக் கயிறு கட்டிவிட்டு சும்மா இருந்துவிடாதீர்கள்.

இப்போது மூத்ததைப் பார்ப்போம். அதன் கணக்கை யாரும் கேட்பதில்லை. அம்மா மறுபடி உண்டானால் மூத்த குழந்தை சவலை பாய்ந்துவிடும் என்று பாட்டிமார் சொல்வார்கள். நேற்றுவரை தனக்கென்றிருந்த மடி, திடீரென்று கிடைக்கவில்லை. சோறு இறங்காது, தொட்டதுக்கெல்லாம் அழுகை, மறந்துபோன படுக்கை நனைத்தல் திரும்ப வரும். நம் விருந்தாளிகளோ நேரே தொட்டிலுக்கு ஓடுகிறார்கள். "யாரை மாதிரி இருக்கான்?" என்று அங்கே பட்டிமன்றம். மூத்தது கதவோரம் நின்று பார்க்கிறது. இன்னும் சில புத்திசாலிகள், "இனிமே உன்னை யாரும் தூக்க மாட்டாங்க பாரு" என்று கேலி செய்கிறார்கள். அவர்களைப் பிரகாரத்தைச் சுற்றச் சொல்ல வேண்டும், நூற்றெட்டு முறை.

அம்மையப்பன் வீட்டில் என்ன நடந்தது? காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலிலும் பல்லவர்கள் செதுக்கிய சோமாஸ்கந்தரைப் பாருங்கள். அப்பா, அம்மா, அம்மா மடியில் கந்தன். பிற்காலச் சோழர் செப்புத் திருமேனிகளில் அந்தப் பிள்ளை மடியை விட்டு இறங்கி இருவருக்கும் நடுவில் நிற்கிறான். திருவாரூர்த் தியாகராஜரும் சோமாஸ்கந்தர்தான். ஆனால் மூத்தவன் எங்கே? இத்தனை அழகான குடும்பத்தில் கணபதியைக் காணோமே?

பஞ்சமூர்த்தி புறப்பாட்டுக்கு வந்து பாருங்கள், தெரியும். முதலில் வருவது யார்? விநாயகர். அடுத்து முருகன். அதற்குப் பின்னால்தான் சோமாஸ்கந்தர், அம்மன், கடைசியில் சண்டிகேசுவரர். பெற்றோர் தெருவுக்கு வருமுன்பே மூத்தவன் வந்துவிடுகிறான். எந்தப் பூசையும் அவனைக் கேட்காமல் தொடங்காது. குளக்கரை, அரசமரத்தடி, தெருமுனை, எல்லாம் அவன் இருப்பிடம். மடி இளையவனுக்குப் போனது, முதல் மரியாதை மூத்தவனுக்கு வந்தது. பதவி கொடுக்காமல் இடத்தை மட்டும் பறித்தால்தான் பிள்ளை சவலை பாயும்.

பெரிய காரியம் எதுவும் தேவையில்லை. பாப்பாவுக்கு வந்தவர்கள் முதலில் மூத்ததைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும். தொட்டிலை முதலில் ஆட்டும் உரிமை அதற்கு இருக்கட்டும். ஆனால் ஒன்று: அக்கா ஆகிவிட்டாய் என்பதற்காக மூன்று வயதுப் பெண்ணை முப்பது வயதுக்காரி ஆக்கிவிடாதீர்கள். "நீ பெரியவதானே, விட்டுக்கொடு" என்பதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அப்பாமார்களுக்கும் ஒரு சொல். இளையது அம்மாவிடம் ஒட்டிக்கொண்ட இரவுகளில்தான் மூத்தது அப்பாவின் பக்கத்தில் வந்து படுக்கும். அது உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. போனைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு கதை சொல்லுங்கள்.

இதை எல்லாம் கேட்டுவிட்டு நாளைக்கே கல்யாண வீட்டில் போய், ஒற்றைப் பிள்ளை வைத்திருக்கிறவர்களிடம் "அடுத்தது எப்போ?" என்று யாரும் தொடங்க வேண்டாம். அவர்கள் எதைத் தாங்கிக்கொண்டு சிரிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. பிள்ளை இல்லாதவர் வாசலிலும் அதே விநாயகர்தான் இருக்கிறார்.

சஷ்டி நாளில் பழக்கதை சொல்லாமல் விட்டால் விடமாட்டீர்கள். நாரதர் கொண்டுவந்தது ஒரே பழம், வெட்டக் கூடாதென்று நிபந்தனை. உலகத்தை முதலில் சுற்றி வருபவனுக்குப் பழம். இளையவன் மயிலேறி உலகத்தைச் சுற்றினான். மூத்தவன் அம்மையப்பனைச் சுற்றினான். வழக்கமாக இங்கே மூத்தவனின் சாமர்த்தியத்தைப் பாராட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுற்றச் சொன்னது உலகத்தை. சொன்னபடி சுற்றியவன் இளையவன். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் உலகம் என்பது இரண்டு வேறு இடங்களில் இருந்தது. கோபித்துக்கொண்டு பழனிக்குப் போனவனைப் பெற்றோர் "அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்று சொல்லவில்லை, தேடிக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

அந்தத் தம்பிக்குப் பிற்பாடு வள்ளி புனத்தில் காரியம் ஆகவில்லை. வேடனாகப் போனான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாகத் தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிட்டான், வள்ளி மசியவில்லை. கடைசியில் யாரை நினைத்தான்? அண்ணனைத்தான். அண்ணன் காட்டானையாக வந்து நின்றான். திருப்புகழுக்கு முன்னே வைத்துப் பாடுகிற விநாயகர் துதியிலேயே அருணகிரிநாதர் இந்த உதவியைச் சொல்லிவிடுகிறார். பழத்தைப் பற்றி அண்ணன் அங்கே ஒரு வார்த்தை எடுக்கவில்லை, தம்பியும் எடுக்கவில்லை.

யானையைக் கண்டு வள்ளி எப்படி ஓடினாள் என்பதை, நாளைக்குச் சூரனை முடித்த கையோடு சொல்கிறேன். இப்போதே நேரமாகிவிட்டது, சுண்டல் ஆறுகிறது. விரதம் இருப்பவர்களுக்கு வாழைப்பழம் தனியாக வைத்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்று.