கடைக்காரரின் மறதி

1965 அக்டோபரில், நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் சாம் கின்ஸ்பெர்க் என்பவரின் கடையில் நிர்வாணப் பெண்களின் படங்கள் போட்ட பத்திரிகைகளை வாங்கினான். நோட்டு, பேனாவோடு சிற்றுண்டியும் விற்கிற சின்னக் கடை அது. கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தினார்கள். கின்ஸ்பெர்க் மீது வழக்கு பதிவாகி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1968இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. பெரியவர்கள் சட்டப்படி வாங்கக்கூடிய ஒன்றைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று அரசு சொல்லலாம். தீர்ப்பின் சாரம் அவ்வளவுதான். அன்றைக்கு அதை ஏற்பதில் எனக்கும் சிக்கல் இருந்திருக்காது.

2025 ஜூன் 27 அன்று அதே நீதிமன்றம், டெக்சாஸ் மாநிலத்தின் எச்.பி. 1181 சட்டம் செல்லும் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னது. ஓர் இணையதளத்தின் உள்ளடக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறுவர்களுக்குத் தீங்கான பாலியல் விஷயமாக இருந்தால், உள்ளே வருகிற ஒவ்வொருவரின் வயதையும் அந்தத் தளம் சரிபார்க்க வேண்டும். மீறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் டாலர் வரை அபராதம். ஒரு சிறுவன் உள்ளே போய்விட்டால் கூடுதலாக இரண்டரை லட்சம் டாலர் வரை. தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், மது, சிகரெட், லாட்டரி வாங்கும்போது அடையாள அட்டை காட்டுகிறோமே, இதுவும் அப்படித்தான் என்கிறார்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அந்த ஒப்பீட்டைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

கடையில் என்ன நடக்கிறது? நீங்கள் அட்டையை நீட்டுகிறீர்கள். கடைக்காரர் பிறந்த வருடத்தைப் பார்க்கிறார், உங்கள் முகத்தைப் பார்க்கிறார், சரி என்கிறார். அடுத்த ஆள் வந்ததும் உங்களை மறந்துவிடுகிறார். மறக்கச் சொல்லி எந்தச் சட்டமும் அவருக்கு இல்லை. மனித மூளை இயல்பாகச் செய்யும் வேலை அது. கணினிக்கோ ஞாபகம் வைத்திருப்பதுதான் இயல்பு. மறக்க வைக்க வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து தனியாக வேலை பார்க்க வேண்டும். டேட்டாபேஸில் சேமிக்கவில்லை என்று சத்தியம் செய்யும் மென்பொருளிலும், அந்தத் தகவல் லாகில் இருக்கும், பேக்கப்பில் இருக்கும், ஏதோ பிழை வந்தபோது வெளி நிறுவனத்துக்குப் போன அறிக்கையில் இருக்கும். கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. சும்மா விட்டாலே அப்படித்தான் ஆகும்.

இதைச் சொன்னவுடன் 'அப்போ சட்டமே வேண்டாம் என்கிறாயா?' என்று கேட்பார்கள். இல்லை. சட்டத்தின் பக்கம் இருக்கும் நியாயத்தை முழுசாகப் பார்த்துவிட வேண்டும்.

2004இல் இதே நீதிமன்றம் இதே மாதிரியான ஒரு கூட்டாட்சிச் சட்டத்தைத் தடுத்தது. வீட்டுக் கணினியில் பெற்றோர் ஒரு வடிகட்டி மென்பொருளைப் போட்டாலே போதும், எல்லாப் பெரியவர்கள் மீதும் சுமை ஏற்ற வேண்டியதில்லை என்பது அன்றைய வாதம். வீட்டுக்கு ஒரு கணினி, அதுவும் ஹாலில் இருந்த காலம். இன்றைக்கு போன், டேப்லெட், கேமிங் கன்சோல், நண்பனின் போன். இந்த வழக்கின் விசாரணையில் நீதிபதி ஏமி கோனி பாரெட், ஏழு பிள்ளைகளின் தாய், இத்தனை கருவிகளுக்கும் வடிகட்டி போட்டுச் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தன் வீட்டு அனுபவத்திலிருந்தே சொன்னார். 'பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும்' என்பது சொல்ல லேசான வாக்கியம். இரண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கும் அம்மாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இளைஞர்கள் முதன்முதலில் போர்ன் பார்த்த சராசரி வயது 13. பத்தில் ஒருவர் ஒன்பது வயதுக்குள் பார்த்திருக்கிறார். 2025இல் வந்த அடுத்த அறிக்கையில், பார்த்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தேடிப் போகவில்லை, தற்செயலாகக் கண்ணில் பட்டது என்றார்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அந்தப் படத்தில் கழுத்து நெரிக்கப்படுவது நடிப்பா நிஜமா என்று தெரியாது. அதைப் பற்றி யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால், பார்த்ததே தப்பு என்றாகிவிடும். அந்தக் குழந்தைக்காகப் பெரியவர்கள் கொஞ்சம் சிரமப்பட்டால் என்ன? பட வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் எவ்வளவு சிரமம், எந்த மாதிரியான சிரமம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேற்கு டெக்சாஸில் ஒரு சிற்றூரில், தான் ஓரினச்சேர்க்கையாளர் என்பதை வீட்டிலும் தேவாலயத்திலும் சொல்லாத நாற்பது வயது மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்பதும், மதுக்கடையில் அதைக் கேட்பதும் ஒன்றல்ல. பீர் வாங்கியது ஊருக்குத் தெரிந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. இது தெரிந்தால் வேலை போகலாம், குடும்பம் போகலாம். எதிர்த்துத் தீர்ப்பு எழுதிய நீதிபதி எலினா ககனும் சட்டமே கூடாது என்று சொல்லவில்லை. பெரியவர்களுக்கு இதைவிடக் குறைந்த சுமையோடு குழந்தைகளைக் காக்க வழி இருக்கிறதா என்று கறாராகப் பார்த்த பிறகு முடிவெடுங்கள் என்றார். நியாயமான கேள்வி. நீதிமன்றம் அதைத் தளர்த்திவிட்டது.

டெக்சாஸ் சட்டத்திலேயே, சரிபார்த்த பின் அடையாளத் தகவலை வைத்திருக்கக் கூடாது என்ற பிரிவு இருக்கிறது. நல்ல பிரிவு. ஆனால் மறந்துவிட்டார்களா என்று அந்த மனிதர் எப்படித் தெரிந்துகொள்வார்? தெரிந்துகொள்ள ஒரே வழி, மறக்கவில்லை என்பது என்றைக்காவது அம்பலமாவதுதான். 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் நிறுவனம், தன் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் ஒன்று ஹேக் செய்யப்பட்டதில் சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று அறிவித்தது. வயது தொடர்பான மேல்முறையீட்டுக்காக அவர்கள் அனுப்பிய படங்கள் அவை. மறதியை வாக்குறுதியாகத் தருவதும், மறப்பதைத் தவிர வேறு வழியே இல்லாதபடி கட்டுவதும் வேறு வேறு.

இரண்டாவதைச் செய்ய வழி இருக்கிறது. 1982இல் டேவிட் சாம் என்ற கணினி அறிஞர் மின்னணுப் பணத்துக்காக யோசித்த ஒரு முறை. ஒரு சீட்டை கார்பன் தாளோடு உறைக்குள் வைத்து ஒட்டி, அலுவலகத்தில் கொடுக்கிறீர்கள். அவர்கள் உங்கள் வயதைச் சரிபார்த்து உறையின் மேல் கையெழுத்துப் போடுகிறார்கள். கார்பன் வழியே கையெழுத்து உள்ளே சீட்டில் பதிகிறது. வெளியே வந்து உறையைப் பிரித்து, சீட்டை மட்டும் தளத்தில் காட்டுகிறீர்கள். அலுவலகத்துக்கு உங்களைத் தெரியும், சீட்டைத் தெரியாது. தளத்துக்குச் சீட்டைத் தெரியும், உங்களைத் தெரியாது. இருவரும் கூட்டுச் சேர்ந்தாலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இதைக் கணிதத்தால் செய்ய முடியும். பிரான்ஸின் ஆர்காம் அமைப்பு 2024இல் வெளியிட்ட விதிகளில், இரு தரப்புக்கும் தெரியாத 'இரட்டை அநாமதேய' வழி ஒன்றையாவது தளங்கள் தர வேண்டும் என்று கேட்டிருப்பது இந்தத் திசையில்தான்.

இதற்கும் ஒரு விலை உண்டு. யாருடையது என்று தெரியாத சீட்டை, அண்ணன்காரன் தம்பிக்குக் கொடுத்துவிடலாம். அதைத் தடுக்க வேண்டுமானால் சீட்டையும் ஆளையும் எங்கேயோ முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுப் போட்டால் ஞாபகம் திரும்ப வந்துவிடும். முழு மறதியும் முழுக் காவலும் சேர்ந்து கிடைக்காது.

இங்கேதான் நாம் யாரைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று தெளிவாக வேண்டும். தடுக்கி விழும் ஒன்பது வயதுக் குழந்தை ஒருத்தி, தேடிப் போகும் பதினேழு வயதுப் பையன் ஒருவன். சட்டப் புத்தகத்தில் இருவரும் 'மைனர்'. முதலாமவளுக்கு ஒரு வாசற்படி போதும், ஓட்டை இருந்தாலும் பரவாயில்லை. அவள் ஓட்டையைத் தேடப்போவதில்லை. இரண்டாமவனுக்கு எந்தச் சுவரும் போதாது. பிரிட்டனில் 2025 ஜூலை 25 அன்று வயதுச் சரிபார்ப்பு அமலுக்கு வந்ததும் விபிஎன் செயலிகள் தரவிறக்கப் பட்டியலில் மேலே ஏறின. டெத் ஸ்ட்ராண்டிங் என்ற வீடியோ கேமின் கதாநாயகன் முகத்தை கேமராவுக்குக் காட்டியே டிஸ்கார்டின் முகச் சோதனையில் சிலர் தேறிவிட்டார்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் பாடமும் அதில் இருக்கிறது. ஞாபகம் வைக்கும் காவலால் கூடுதலாகத் தடுக்கப்படுகிறவர்கள் பதினேழு வயதுக்காரர்களில் ஒரு சிலர். அதற்கான விலையைக் கொடுப்பது எல்லாப் பெரியவர்களும். எனக்கு அந்தக் கணக்கு உதைக்கிறது.

குழந்தையை மையமாக வைத்தால் டெக்சாஸின் 'மூன்றில் ஒரு பங்கு' விதியும் இடிக்கிறது. அதே 2023 அறிக்கையில், பிள்ளைகள் போர்ன் பார்த்த இடங்களில் முதலிடம் ட்விட்டருக்கு. தனிப்பட்ட போர்ன் தளங்கள் அதற்குப் பின்னால்தான். அரசியலும் கிரிக்கெட்டும் நிறைந்த தளத்தில் போர்ன் மூன்றில் ஒரு பங்கைத் தொடவே தொடாது. ஆக, தடுக்கி விழும் இடத்தை விட்டுவிட்டு, தேடிப் போகும் இடத்தில் காவல் போட்டிருக்கிறார்கள். பிரிட்டனின் சட்டம் சமூக வலைதளங்களையும் சேர்த்துக்கொள்வதால், இந்த ஒரு விஷயத்தில் அது மேல்.

நமக்கு இது தூரத்துச் சண்டை இல்லை. 2015 ஆகஸ்டில் இந்திய அரசு 857 தளங்களைத் தடுக்கச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 827 தளங்கள். அந்தத் தடைகள் சிறுவர், பெரியவர் என்று பிரித்துப் பார்க்கவே இல்லை. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வயதைக் கேட்கிறது. பதினெட்டுக்குக் கீழே இருப்பவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். அப்படியானால் பெற்றோரின் வயதையும் யாராவது சரிபார்த்தாக வேண்டும். ஆதாரும் ஓடிபியும் கையில் இருக்கிற நாட்டில் அடுத்த அடி எங்கே விழும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

அப்படி ஒரு வரைவு வரும்போது 'சுதந்திரமா, குழந்தைகளா' என்று டிவி விவாதம் நடக்கும். நான் முதலில் தேடப்போவது, அந்த அமைப்பு யாரிடம் எதைச் சொல்லும், எத்தனை நாள் ஞாபகம் வைத்திருக்கும் என்ற பிரிவைத்தான். அது சரியாக இருந்தால், ஓட்டை உள்ள சட்டமாக இருந்தாலும் ஆதரிப்பேன். அந்தப் பதினேழு வயதுப் பையன் அப்போதும் மிச்சமிருப்பான். அவனிடம் பேச வேண்டியவர்கள் அப்பா, அம்மா, ஒரு நல்ல வாத்தியார். அந்த வேலையைச் செய்கிற கோடு எதையும் எனக்கு எழுதத் தெரியாது.