முன்னோடி ஆய்வும் நோயாளியின் நேரமும்

மரணத்தை அண்மிய ஒருவரிடம், அவருக்கே பயன்தராத ஆய்வுக்காக ஒருமணி நேரத்தைக் கேட்பது அறமாகுமா? நோய்த்தணிப்புப் பராமரிப்பில் முன்னோடி ஆய்வை வகுப்போர் முதலில் எதிர்கொள்ளவேண்டிய வினா இது. சிகிச்சையொன்றின் பயனை நிறுவுதல் முன்னோடி ஆய்வின் நோக்கமன்று; இருபது முப்பது பேரைக்கொண்டு அதனை நிறுவவும் இயலாது. நோயாளர் ஆய்வில் சேர இசைவார்களா, எத்தனைபேர் இடையில் விலகுவர், வினாக்கொத்து அவர்களைக் களைப்படையச் செய்யுமா என்பனவே அது அறியவேண்டியவை. பெரிய ஆய்வொன்று பாதியிற் சிதைந்து, பலருடைய இறுதி நாட்கள் வீணாவதை அது தடுக்கக்கூடும். அதற்குள்ள நியாயம் அவ்வளவே. ஆனால் அது சிறிதன்று.

பூநகரியை எண்ணிப் பார்க்கலாம். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணத்துக்கான பாதை சுருங்கிற்று. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அவ்வழியே செல்லலாம். எனினும், நோவுற்ற உடலுக்கு அப்பயணம் இன்றும் நீண்டதே. மாதந்தோறும் அங்குவந்து வினாக்கொத்தை நிரப்பவேண்டும் என வகுக்கப்படும் ஆய்வில் பூநகரி நோயாளர் விடுபடுவர். அட்டவணையோ அவர்களை 'விலகியோர்' என்று குறிக்கும். உண்மையில் விலகி நிற்பது எது, நோயாளரா, ஆய்வா? முன்னோடி ஆய்வு கண்டறியவேண்டிய குறை இதுவே. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோவுதணிப்பு இயக்கம் பின்னர் தொண்டர்களோடு நோயாளரின் வீடுகளுக்கே சென்றது. ஆய்வாளரும் அவ்வாறு படலையடிக்குச் செல்லலாம். வலி மிகுந்த நாளில் ஒன்றும் கேளாது திரும்பவும் நேரும். அன்று நிரப்பப்படாத தாளையும் அவர் ஆய்வின் பெறுபேறுகளோடு சேர்த்தே எண்ணவேண்டும்.