கேளாமல் செய்யும் தொண்டு

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. 2022 மே இறுதியில், தக்க இழப்பீடு வேண்டித் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். நாளை என்னும் நம்பிக்கை அற்ற இடத்தில் கடமைப்பணியே நின்றுபோயிற்று எனில், கடமைக்கு மேற்பட்ட உழைப்பு எங்ஙனம் மலரும்?

அகத்தவம் ஆறனுள் மூன்றாவது வையாவிருத்தியம். துறவியர்க்கு அன்போடு ஆற்றும் தொண்டு. தளர்ந்த தோழனுக்குத் தோள்கொடுப்பதும், புதியவனுக்குத் தொழில் பயிற்றுவதும் இல்லறத்தார்க்கு அதன் சாயலே. நியாயமும் மதிப்பும் நன்றிச்சொல்லும் அதனை வளர்க்கும்.

ஆயின், அவ்வுழைப்பை அதிகாரத்தால் பறிப்பின் அது தொண்டாகாது. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல் கொல்லாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றன்றோ! நம் இல்லத்தில் பணிசெய்வோரையும் நேரம் கடந்து நிறுத்திவைக்கிறோமா என நம்மை நாமே வினவுவோமாக.