துப்பாக்கிக்காரர் இருக்கட்டும்

சோபாவுக்கு மேலே மாட்ட ஒரு படம் தேடினால் பழங்காலப் பறவை ஓவியங்கள் வரிசை கட்டி வருகின்றன. நாரை, கொக்கு, உள்ளான் என்று தண்ணீரில் கால் நனைத்து இரை தேடும் கூட்டம். கான்வாஸில் அச்சடித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, கேட்ட அளவில் தருகிறார்கள். அவற்றில் பலவும் அமெரிக்க ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான் வரைந்தவை. 1827 முதல் 1838 வரை, பெரும்பாலும் லண்டனில் ராபர்ட் ஹாவெலின் பட்டறையில், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டிய 435 படங்கள்.

எந்தப் பறவையையும் அதன் நிஜ அளவில்தான் காட்டுவேன் என்பது ஆடுபானின் பிடிவாதம். தாளோ சுமார் 39 அங்குல உயரம், 26 அங்குல அகலம். நான்கடி நிற்கும் பெரிய நீல நாரை அதில் எப்படி அடங்கும்? கழுத்தை வளைத்து, தலையைக் கீழே இறக்கி, குனியவைத்துவிட்டார். இன்று நாம் ‘என்ன நளினம்!’ என்று வியக்கும் வளைவு, தாள் போதாமல் வந்தது. சுருக்கி வரைந்திருந்தால் வேலை எளிது. அவர் சுருக்கவில்லை. அதனாலேயே அவர்மேல் எனக்கு மதிப்பு.

அந்த மதிப்போடு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை. சுட்டு வீழ்த்திய பறவையைக் கம்பியால் பலகையில் பொருத்தி, உயிருள்ளதுபோல் நிறுத்திவைத்துத்தான் வரைந்தார். இன்றைய கேமராக்கள் அன்று இல்லையே என்று அவருக்காக வாதாடலாம். ஆனால் தேவைக்கு மேலும் சுட்டவர் அவர். அடிமைகளையும் வைத்திருந்தவர்.

1835-இல் அச்சான வெண்கொக்குப் படத்தைப் பாருங்கள். கருங்கால், மஞ்சள் பாதம், முதுகில் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் முளைக்கும் மெல்லிழை இறகுகள். நம் வயல்களில் நிற்கும் சின்னக் கொக்குக்கு நெருங்கிய உறவு. பின்னணியில் தென் கரோலினாவின் பண்ணை நிலம். அதை வரைந்தவர் உதவியாளர் ஜார்ஜ் லேமான். வலப்பக்கம் கீழே, உற்றுப் பார்த்தால்தான் தெரியும் ஒரு சிறிய மனிதர் துப்பாக்கியோடு வந்துகொண்டிருக்கிறார்.

அவர் வந்தும் சேர்ந்தார். அந்த நூற்றாண்டின் கடைசியில், சீமாட்டிகளின் தொப்பிக்காக இந்தக் கொக்குகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். இறகு எடைக்கு எடை தங்கத்தையே மிஞ்சியது. கூட்டில் குஞ்சு இருக்கும்போதுதான் இறகும் இருக்கும் என்பதால், தாய் தந்தை போனபின் குஞ்சுகள் பட்டினியில் செத்தன. 1905-இல் ஃப்ளோரிடாவில் பறவைக் காவலர் கை பிராட்லி இறகு வேட்டைக்காரர் ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். கடுமையான சட்டம் 1918-இல் வந்தது. கொக்குகள் மீண்டன.

விற்பனைக்கு வரும் சில கான்வாஸ்களில் அந்தத் துப்பாக்கிக்காரர் இல்லை. பின்னணியை வெளுத்து, ஓரத்தை வெட்டி, கொக்கை மட்டும் வைத்திருக்கிறார்கள். வரவேற்பறைக்கு அது இதமாகத்தான் இருக்கும். குடும்பக் கதைகளையும் நாம் இப்படித்தானே சொல்கிறோம்? தாத்தா வாங்கிய நிலம் கதையில் இருக்கும். விற்றவர் ஏன் விற்றார் என்பது இருக்காது. அழகை ரசிக்க அதன் விலை தெரிய வேண்டியதில்லை என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. விலை தெரிந்தும் அந்தக் கொக்கு அழகாகத்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே.

435 படங்களையும் முழுதாக, இலவசமாக நேஷனல் ஆடுபான் சொசைட்டி இணையத்தில் வைத்திருக்கிறது. கொக்கு வேண்டுமென்றால் அங்கிருந்து எடுத்து அச்சுக்கடையில் கொடுங்கள். ஓரத்தை வெட்டட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.